கொலை நடக்கும் படத்தில் ஏன் சிரிப்பு வருகிறது?

கேள்வி: கோத்தகிரியில் நாங்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு படம் பார்க்கிறோம். இந்த முறை 'ஃபார்கோ' போட்டோம். சிலர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிலர் முகம் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். படம் முடிந்ததும், "ஆளைக் கொல்றதைப் பாத்து அப்படி என்ன சிரிப்பு?" என்று ஓர் அக்கா கோபமாகவே கேட்டுவிட்டார். எனக்குப் படம் மிகவும் பிடித்திருந்தது. ஆனால் ஏன் பிடித்தது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்த மாதிரி டார்க் காமெடிப் படங்களில் அப்படி என்னதான் இருக்கிறது?

பதில்:

அந்த அக்காவிடமிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அவர் கேட்டது சரியான கேள்வி. 'ஃபார்கோ'வில் ஏழு பேர் சாகிறார்கள். இரவில் நெடுஞ்சாலையோரம் ஒரு போலீஸ்காரர் சுடப்படுகிறார். அதைப் பார்த்துவிட்ட ஒரே காரணத்துக்காகக் காரில் போன இருவர் துரத்திக் கொல்லப்படுகிறார்கள். அந்த நிமிடங்களில் சிரிப்பதற்குத் திரையில் ஒன்றுமே இல்லை. விழுந்து சிரித்தவர்களும் அங்கே அடங்கிப் போயிருப்பார்கள், நினைவுபடுத்திப் பாருங்கள். சிரிப்பு வருவதெல்லாம் அந்தச் சாவுகளைச் சுற்றி நிற்கிற மனிதர்களைப் பார்த்து. அவ்வளவு நடந்த பிறகும் தங்கள் குணத்தை, பழக்கத்தை, சின்னச் சின்னப் பிடிவாதத்தை ஒரு நூல்கூட விட்டுக்கொடுக்காமல் இருக்கிறார்களே, அதைப் பார்த்து. இந்த வகைப் படங்களின் ஈர்ப்பு முழுக்க அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

படம் பார்க்காதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஜோயல், ஈதன் என்ற கோயன் சகோதரர்கள் எடுத்து 1996-இல் வெளிவந்த அமெரிக்கப் படம் இது. கதை நடப்பது 1987-இன் குளிர்காலத்தில், மினசோட்டா மாநிலத்தில். ஜெர்ரி என்பவன் மாமனாரின் கார் கடையில் விற்பனை மேலாளர். இல்லாத கார்களின் பெயரில் கடன் வாங்கி மாட்டிக்கொண்டிருக்கிறான். தப்பிக்க அவன் கண்டுபிடித்த வழி: ஆள் வைத்துத் தன் மனைவியையே கடத்தி, பணக்கார மாமனாரிடம் பணம் கறப்பது. கடத்த வந்த இருவரிடம் கேட்கப்போவதாகச் சொன்ன தொகை எண்பதாயிரம் டாலர், பாதி அவர்களுக்கு, கூடவே ஒரு புதுக் கார். மாமனாரிடம் சொன்னது பத்து லட்சம். கடத்திக்கொண்டு போகிற வழியில் ஒரு போலீஸ்காரர் காரை நிறுத்துகிறார். அங்கே தொடங்கும் கொலை பிறகு நிற்பதில்லை. விசாரிக்க வருபவர் பிரெய்னர்ட் என்ற சிற்றூரின் காவல் தலைவர் மார்ஜ். ஏழு மாதக் கர்ப்பிணி.

இனி சிரிப்புக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ள நாம் வெளியே எங்கும் போக வேண்டாம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் போதும். உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதுதான் மெய்ப்பாடு. எட்டு மெய்ப்பாடுகளை அடுக்கும்போது 'நகையே அழுகை' என்று இரண்டையும் ஒட்டியே வைக்கிறார் தொல்காப்பியர். நகை பிறக்கும் இடம் நான்கு என்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இதில் எள்ளல் ஒன்றுதான் அடுத்தவரை மட்டம் தட்டிச் சிரிப்பது. அந்த அக்கா அன்று அரங்கில் கேட்டது எள்ளல் சிரிப்பு என்று நினைத்துவிட்டார். கோபம் வராமல் இருக்குமா? ஆனால் இந்தப் படம் பெரும்பாலும் நிற்பது கடைசி இரண்டின் மேல். பேதைமை என்றால் அறிவின்மை. மடன் என்பதை, தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் 'கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை' என்று விளக்குகிறார். ஒன்றைப் பிடித்துக்கொண்டால் உலகமே இடிந்து விழுந்தாலும் விடாத தன்மை. ஜெர்ரியை, அவன் மாமனாரை, கடத்தல்காரன் கார்லை இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. அடுத்த நூற்பாவில் அழுகை பிறக்கும் இடங்களைச் சொல்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இழிவுபடுவது, இழப்பது, இருந்த நிலையிலிருந்து சரிவது, கையில் இல்லாமை. இந்த நான்கும் அதே ஜெர்ரியிடம் இருக்கின்றன. நம்மைச் சிரிக்க வைப்பவனும் அழ வைக்க வேண்டியவனும் ஒரே ஆளாக இருப்பதால்தான் இந்தப் படத்தைப் பார்ப்பது இவ்வளவு சங்கடமாகவும், அதே நேரம் கண்ணை எடுக்க முடியாததாகவும் இருக்கிறது.

ஒரு காட்சி. மனைவியைக் கடத்தியாகிவிட்டது. இனி மாமனாருக்குச் சொல்ல வேண்டும். சூறையாடப்பட்டுக் கிடக்கும் வீட்டைக் கேமரா மெல்லக் காட்டுகிறது. ஜெர்ரியின் குரல் பதறிக்கொண்டு கேட்கிறது. போனில் பேசுகிறான் என்றுதான் முதலில் நினைக்கிறோம். அடுத்து அதே வாக்கியத்தை வேறு ஏற்ற இறக்கத்தில் சொல்கிறான். அப்போதுதான் தெரிகிறது, அது ஒத்திகை. அதன் பிறகு எண்ணைச் சுழற்றி, எந்தப் பதற்றமும் இல்லாத அலுவலகக் குரலில் மாமனாரின் பெயரைச் சொல்லி இணைப்புக் கேட்கிறான். அந்த ஒரு நொடியில் சிரிப்பு வெடிக்கிறது. வந்த வேகத்திலேயே வயிற்றில் ஏதோ கலங்குகிறது. பெற்ற மகனுக்குத் தாய் இல்லாமல் போகப்போகிறாள் என்பது இந்த மனிதனுக்கு இன்னும் உறைக்கவே இல்லை. பிறகு மாமனாரின் கணக்காளர் "பையன் எப்படி இருக்கிறான்?" என்று கேட்ட பிறகுதான் மகன் நினைவுக்கே வருகிறான். மாடிக்குப் போய், அழுதுகொண்டிருக்கும் பையனிடம் நாலு வார்த்தை சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறான். கதவின் பின்புறம் ஓர் அக்கார்டியன் கலைஞரின் சுவரொட்டி, வாயெல்லாம் பல்லாக. அந்தச் சுவரொட்டியை அங்கே ஒட்டியவர்களுக்கு மனிதர்களைத் தெரியும் என்றுதான் சொல்வேன்.

இன்னொன்று. தான் கொண்டுவந்த வியாபாரத்தை மாமனாரே எடுத்துக்கொள்ள, ஜெர்ரி வெறுங்கையோடு வெளியே வருகிறான். கார் கண்ணாடி முழுக்கப் பனி உறைந்திருக்கிறது. சுரண்டுகிறான். திடீரென்று வெறி வந்து சுரண்டியை ஓங்கி ஓங்கி அடிக்கிறான், தூக்கி எறிகிறான். பிறகு? குனிந்து எடுத்து மறுபடியும் சுரண்டத் தொடங்குகிறான். ஏனென்றால் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு வசனம் கிடையாது. ஜனவரிக் காலையில் தலைகுந்தாவிலோ காந்தலிலோ, வெளியே நிறுத்திய ஜீப்பின் கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டியவர்களுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டாம். விரல் மரத்துப்போகும் குளிரில் மனிதனால் கோபத்தைக்கூட முழுசாகப் பட முடியாது.

கார்லின் கதை இன்னும் துல்லியமானது. விமான நிலைய வாகன நிறுத்தத்துக்குள் போய், வேறொரு காரின் நம்பர் பிளேட்டைத் திருடிக்கொண்டு வெளியே வருகிறான். வாசலில் இருப்பவர் நான்கு டாலர் கேட்கிறார். "நான் நிறுத்தவே இல்லையே" என்று அவரோடு மல்லுக்கு நிற்கிறான். ஆள் கடத்தியிருக்கிறான், மூன்று கொலைக்கு உடந்தை. நான்கு டாலர் போவது பொறுக்கவில்லை. சீசன் நேரத்தில் ஊட்டியில் பார்க்கிங் டோக்கனுக்கு நடக்கும் சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த மனிதன் புதியவன் அல்ல. அதே கார்ல் கடைசியில், தாடையில் குண்டு பட்ட நிலையில், ஒன்பது லட்சத்துக்கும் மேல் பணத்தைப் பனியில் புதைத்துவிட்டு வருகிறான். அவ்வளவு பணம் கைக்கு வந்த பிறகும், பங்காளியோடு அந்தப் புதுக் காரின் பாதி விலைக்காக வாக்குவாதம் செய்துதான் சாகிறான். கொண்டது விடாமை!

இப்படிப்பட்டவர்கள் மட்டுமே இருந்திருந்தால் இது கசப்பான படமாக முடிந்திருக்கும், எனக்கும் பிடித்திருக்காது. படத்தைத் தூக்கி நிறுத்துபவர் மார்ஜ். ஃபிரான்சஸ் மெக்டார்மண்ட் நடித்து, சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வாங்கிய பாத்திரம். (படத்துக்குக் கிடைத்த இன்னோர் ஆஸ்கர் திரைக்கதைக்கு.) படத்தில் மூன்றில் ஒரு பங்கு ஓடிய பிறகுதான் அவர் வருகிறார். விடியாத நேரத்தில் போன் வருகிறது. கணவர் நார்ம் எழுந்து முட்டை செய்து கொடுக்கிறார். சாப்பிட்டுவிட்டு வெளியே போனவர் திரும்பி வந்து, வண்டி கிளம்பவில்லை, பேட்டரிக்கு உயிர் கொடுக்க வேண்டும் என்கிறார். கொலை நடந்த இடத்துக்குப் போகும் போலீஸ் அதிகாரிக்கு நம் சினிமாவில் என்ன வரவேற்பு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இங்கே பேட்டரி.

பனியில் பிணத்தருகே குனிந்தவர் அப்படியே நின்றுவிடுகிறார். துப்பு ஏதோ கிடைத்துவிட்டது என்று கூட வந்தவர் நினைக்கிறார். மசக்கை, வாந்தி வரும்போல இருந்ததாம். அது அடங்கியதும், இப்போது பசிக்கிறது என்கிறார். அந்தச் சக அதிகாரி லூ, டீலர் வண்டிக்கான எழுத்துகளைப் பதிவு எண் என்று தவறாக நினைத்துத் தேடிக்கொண்டிருக்கிறார். மார்ஜ் அவரைத் திட்டுவதில்லை. உங்கள் முடிவோடு நூற்றுக்கு நூறு ஒத்துப்போக முடியவில்லையே என்கிற மாதிரி மெதுவாகச் சொல்லி, அவர் முகம் வாடியதும் ஒரு நகைச்சுவைத் துணுக்கும் சொல்லித் தேற்றுகிறார். கொலையாளிகளைத் தேடிப் போகிற வழியிலும் சக மனிதனின் மனம் கோணக் கூடாது என்பது அவருக்கு வேலையின் ஒரு பகுதி. நாம் சிரிக்கிறோம், கூடவே அவர்மேல் மரியாதை பெருகுகிறது. இந்தச் சிரிப்பில் எள்ளல் எங்கே இருக்கிறது?

பலருக்கும் புரியாமல் போவது, மார்ஜ் தன் பழைய பள்ளித் தோழன் மைக் யனகிடாவை உணவகத்தில் சந்திக்கும் காட்சி. கதைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று உங்கள் கூட்டத்திலும் யாராவது கேட்டிருப்பார்கள். அவன் பக்கத்தில் வந்து உட்காரப் பார்க்கிறான். எதிரிலேயே உட்காரச் சொல்கிறார். தன் மனைவி நோயில் இறந்துவிட்டாள் என்று சொல்லி உடைந்து அழுகிறான். சங்கடமான காட்சி, சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. பிறகு இன்னொரு தோழி போனில் சொல்கிறாள்: அவன் சொன்னது அத்தனையும் பொய், அந்தப் பெண் அவனை மணக்கவே இல்லை, உயிரோடுதான் இருக்கிறாள். மார்ஜ் காரில் தனியாக யோசித்தபடி இருக்கிறார். அதற்கு அடுத்துதான், முன்பு ஒரு முறை நம்பிவிட்டு வந்த ஜெர்ரியை மறுபடி விசாரிக்கப் போகிறார். படம் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. என் வாசிப்பு இது: இவ்வளவு உருக்கமாக முகத்துக்கு நேரே ஒருவர் பொய் சொல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைக்கிறது, வழக்கு அதில்தான் திறக்கிறது. கைரேகையோ ரத்தத் துளியோ செய்யாத வேலையை ஒரு தனிமைப்பட்ட மனிதனின் புளுகு செய்துவிடுகிறது. பாத்திரங்களை நம்பி எழுதப்படும் படத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கதை மனிதர்களை இழுத்துக்கொண்டு போகவில்லை. மனிதர்களின் குணம்தான் கதையை நகர்த்துகிறது.

மலையில் இருக்கும் நமக்கு இந்தப் படத்தில் கூடுதலாக ஒரு சொந்தம் உண்டு. குளிர் ஊர்களில் பேச்சே ஒரு மாதிரி இருக்கும். அவசரம் இருக்காது, குரல் உயராது. எந்த விஷயமானாலும் முதலில் குளிரைப் பற்றி இரண்டு வார்த்தை. குன்னூர் மார்க்கெட்டிலோ கோத்தகிரி பேருந்து நிலையத்து டீக்கடையிலோ ஒரு துக்கச் செய்தி எப்படிப் பரிமாறப்படுகிறது என்று கவனித்துப் பாருங்கள். நேற்று பனி அதிகம், கொழுந்துக்கு விலை இல்லை, அப்புறம்தான் இன்னார் போய்விட்டார் என்பது. துக்கம் இல்லாமல் இல்லை. அதை நேராக எடுத்து வைக்க நாக்கு வராது. நார்வே, சுவீடன் நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைந்த மினசோட்டாவின் பேச்சும் அப்படித்தான். இழுத்து இழுத்து 'யா, யா' என்று ஆமோதிப்பார்கள். கோயன் சகோதரர்கள் அந்த மாநிலத்தில், மினியாபொலிஸை ஒட்டிய ஊரில் வளர்ந்தவர்கள். அந்த இழுவையும் தயக்கமும் நடிகர்கள் அந்த நேரத்தில் போட்டவை அல்ல, திரைக்கதையிலேயே எழுதி வைக்கப்பட்டவை. அவ்வளவு பணிவான பேச்சுக்கு நடுவே அவ்வளவு கொடூரம் நடப்பதுதான் படத்தின் நடுமுள். பேச்சு வழக்கை மிகைப்படுத்திவிட்டார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் சிலர் வருத்தப்பட்டதும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது.

சிரிப்பும் அழுகையும் ஒட்டி நிற்பதற்கு நம் மலையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1982-இல் வந்த 'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சி கேத்தி ரயில் நிலையத்தில் எடுக்கப்பட்டது. நினைவு திரும்பிய பெண் ரயிலில் இருக்கிறாள். அவளுக்குத் தன்னை ஞாபகப்படுத்த நாயகன் பிளாட்பாரத்தில் குரங்கு போல ஆடிக் காட்டுகிறான். அவள் கண்ணுக்கு அவன் பைத்தியம். செய்வதெல்லாம் கோமாளித்தனம், பார்க்கிற நமக்குத் தொண்டை அடைக்கிறது. 'ஃபார்கோ' அதே கணக்கைத் திருப்பிப் போடுகிறது: நடப்பதெல்லாம் துயரம், வருவது சிரிப்பு. அந்த அக்கா கேத்தி காட்சியில் அழுதவராக இருந்தால் 'ஃபார்கோ'வுக்குள் நுழைய அவருக்குப் பாதி வழி தெரியும்.

பிறகு ஏன் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது? நம் பழக்கம் ஒரு காரணம். தமிழ் சினிமாவில் நகைச்சுவைக்கு வெகு காலம் தனி ட்ராக் இருந்தது. தனி நடிகர்கள், தனி இசை. எங்கே சிரிக்க வேண்டும் என்று படமே தட்டிச் சொல்லிவிடும். 'ஃபார்கோ'வில் அப்படி ஓர் ஒலிகூடக் கிடையாது. கார்ட்டர் பர்வெல்லின் இசை ஒரு நார்வே நாட்டுப்புறத் துதிப்பாடலிலிருந்து பிறந்தது; ஏதோ பெரும் துயரக் காவியம் நடப்பதுபோல அது கம்பீரமாகப் போகிறது. போதாக்குறைக்குப் படத்தின் தொடக்கத்திலேயே இது உண்மைக் கதை என்று எழுத்துப் போடுகிறார்கள். அது உண்மையல்ல, ஆனால் அதை நம்பி உட்கார்ந்தவர், இறந்தவர்களுக்கு மரியாதை செய்யும் மனநிலையில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒருவர் சிரித்தால் சுருக்கென்று இருக்காதா? எங்கே சிரிப்பது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்தச் சுதந்திரம் சிலருக்குப் பிடிக்கிறது, சிலருக்குப் பாரமாக இருக்கிறது.

தமிழில் அந்தச் சுதந்திரத்தைத் துணிந்து கொடுத்த படம் என்று 2013-இல் நலன் குமாரசாமி இயக்கிய 'சூது கவ்வும்' படத்தைச் சொல்வேன். அதுவும் கடத்தல் கதைதான். கண்ணுக்குத் தெரியாத காதலியோடு பேசிக்கொண்டு, விதிமுறை வகுத்துக்கொண்டு ஆள் கடத்தும் தாஸ். நயன்தாராவுக்குக் கோயில் கட்டி ஊரைவிட்டு விரட்டப்பட்ட பகலவன். நேர்மையைப் பிடித்த பிடியாக வைத்திருக்கும் அமைச்சர், கடத்தலுக்கு உடந்தையாகப் போகும் அவர் மகன். ஒருவரும் ஜோக் சொல்வதற்காகப் பேசவில்லை. தாஸ் தன் காதலியைப் பற்றிப் பேசும்போது அவ்வளவு இயல்பாகப் பேசுகிறார். நாம் சிரிப்பது அந்த நம்பிக்கையைப் பார்த்து. மார்ஜ் போல ஒரு நல்ல மனசு அந்தப் படத்தின் நடுவில் இல்லை என்பது மட்டும்தான் எனக்குக் குறை.

குறை என்று வந்தால் 'ஃபார்கோ'விலும் ஒன்று உண்டு. அந்த அக்காவின் கோபத்துக்கு அடியில் அதுதான் இருந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். கடத்தப்படும் மனைவி ஜீன். தலையில் துணி மூடி, கை கட்டிய நிலையில் பனியில் கண் தெரியாமல் அங்குமிங்கும் ஓடித் தடுமாறி விழுகிறாள், கார்ல் சிரிக்கிறான். படம் நம்மையும் அவனோடு சேர்ந்து சிரிக்க விட்டுவிடுகிறது. மற்ற எல்லோருக்கும், கொலைகாரர்களுக்குக்கூட, ஒரு தனிக் குணம் கொடுத்த படம் அவளுக்கு மட்டும் எதுவும் கொடுக்கவில்லை. சமைத்தாள், பின்னினாள், கத்தினாள், திரைக்கு வெளியே செத்தாள். மற்ற மூன்று வகைச் சிரிப்பிலிருந்து எள்ளலுக்குப் படம் வழுக்கி விழும் இடம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அக்கா அதைச் சொன்னால் மறுக்காதீர்கள். ஒத்துக்கொண்டு, பிறகு கடைசிப் பகுதிக்கு அவரை அழைத்துப் போங்கள்.

கொலையாளியைப் பின் இருக்கையில் வைத்து ஓட்டிக்கொண்டு வருகிறார் மார்ஜ். செத்தவர்களை ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வருகிறார். கொஞ்சம் பணத்துக்காகவா இத்தனையும் என்று கேட்கிறார். அதட்டலே இல்லை, இவ்வளவு நல்ல நாளில் இப்படிச் செய்திருக்கிறாயே என்கிறார், வெளியே வெள்ளையும் சாம்பலுமாகப் பனி. தனக்கு இது புரியவில்லை என்று சொல்லிவிடுகிறார். உண்மையிலேயே புரியவில்லை. இது இளமையும் பேதைமையும் கலந்த வார்த்தை என்றுகூடச் சொல்லலாம், ஆனால் அங்கே யாருக்கும் சிரிப்பு வருவதில்லை. அந்த இரவு நார்ம் வரைந்த வாத்து மூன்று சென்ட் தபால்தலைக்குத் தேர்வாகியிருக்கிறது. பெரிய மதிப்புள்ள தலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அவர் சுணங்குகிறார். தபால் கட்டணம் ஏறும்போதெல்லாம் மிச்சத்துக்கு ஒட்ட மூன்று சென்ட் தலைதானே எல்லோருக்கும் வேண்டும் என்று மார்ஜ் தேற்றுகிறார். பத்து லட்சத்துக்கு ஏழு உயிர் போன படத்தில் கணவனும் மனைவியும் மூன்று சென்ட்டுக்கு மகிழ்ந்து படுத்திருக்கிறார்கள். அத்தனை கோணல் மனிதர்களையும் சிரித்துக்கொண்டே பின்தொடர்ந்து வந்ததால்தான் இந்த இடம் நம்மை இப்படித் தொடுகிறது. நேராக நீதி சொல்லும் படத்தில் இதே காட்சி வந்திருந்தால் கொட்டாவி விட்டிருப்போம்.

அடுத்த முறை இந்த வகைப் படம் போடும்போது சிலவற்றைக் கவனியுங்கள். ரத்தம் உண்டு என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். 'ஃபார்கோ'வின் மரத்தூள் இயந்திரக் காட்சிக்குத் தயாராகாமல் உட்கார்ந்தவர்களுக்கு அதற்குப் பிறகு எதுவும் காதில் ஏறாது. ஆங்கில உச்சரிப்பு கடினம் என்பதால் சப்டைட்டிலோடு போடுங்கள். ஆனால் ஒலியைக் குறைக்க வேண்டாம், பாதிப் படம் அந்த இழுவையில்தான் இருக்கிறது. படம் முடிந்ததும் 'பிடித்ததா' என்று கேட்காமல், இரண்டு நிமிடமே வந்து போன ஆள் யார் உங்கள் நினைவில் நிற்கிறார் என்று கேளுங்கள். பேச்சு தானாக ஓடும். அந்த அக்காவோடு சேர்ந்து பார்க்க 'சூது கவ்வும்' போடலாம். அல்லது ஒற்றை ஓட்டுக்காக ஊரே ஒரு முடிதிருத்துபவர் காலடியில் கிடக்கும் 'மண்டேலா' (2021). அதில் சிரிப்பின் அடியில் இருப்பது சாதி, நம் ஊர்க் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச நிறைய இருக்கும். 'ஆரண்ய காண்டம்' (2011) இவை எல்லாவற்றையும்விட எனக்கு நெருக்கமான படம், ஆனால் வசவும் ரத்தமும் அதிகம்; சின்னப் பிள்ளைகள் வரும் கூட்டமாக இருந்தால் அதைப் பெரியவர்கள் மட்டும் கூடும் ஒரு மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.